ஐந்து வெறும் கார்டுகள்

மேலக்கரை
22-8-1971

தம்பி இளையபெருமாளுக்கு,

அக்கா பொன்னுத்தாய் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் மிஷன் பள்ளியில் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படித் தொடங்கினால் முதல் வரியே பொய்யாகிவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

பத்து மாதமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. ஐப்பசியில் வந்தவன் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாய். நீயும் உன் அத்தானும் போட்ட சண்டையில் எனக்கு என்ன பங்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆகாயத்துச் சத்தத்தைக் கேட்கிற ஆன்டெனாவில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னாய். நட்சத்திரங்களில் நம்மைப் போலப் புத்தி உள்ளவர்கள் எத்தனை இடத்தில் இருப்பார்கள் என்று கணக்குப் போட ஒரு வழி இருக்கிறது என்றும் சொன்னாய். அவர் சிரித்தார். "மேல எத்தன பேரு இருக்கான்னு எண்றதுக்கு ஆளு இருக்கு மாப்புள. நம்ம தெருவுல எத்தன பேரு இருக்கோம்னு ஓட்டுக் கேக்க வர்றவனத் தவிர எவன் எண்ணுனான்?" என்றார். நீ, "ஒங்க சங்கத்தால எவன் வாழ்ந்தான்?" என்றாய். அதோடு எழுந்துவிட்டாய்.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். தை அறுவடையில் கலத்துக்கு அரை மரக்கால் கூலி கூடக் கேட்டு நம் ஆட்கள் களத்தில் உட்கார்ந்தார்கள். பண்ணையார் லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கினார். நேற்றுவரை கதர் போட்டவர், ஆட்சி மாறியதும் கறுப்பு சிவப்புக் கரை வேட்டி கட்டிக்கொண்டார். வேட்டிதான் மாறியது. களத்தில் அடிதடி ஆனது. போலீஸ் பதினோரு பேரைப் பிடித்துக்கொண்டு போனது. அந்தப் பதினோரு பேரில் உன் அத்தான் இல்லை. வீட்டுக்கும் வரவில்லை. தலையில் ரத்தத்தோடு வீரசோழன் ஆற்றில் இறங்கினதைப் பார்த்தேன் என்று கீழத்தெரு வீரையன் சொல்கிறான். மேட்டூர் அணையை மூடாத நேரம், ஆற்றில் தண்ணீர் இருந்தது. அக்கரையில் ஏறினதை யாரும் பார்க்கவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. அவர் பேரில் வாரண்டு மட்டும் இருக்கிறது.

இப்போது எழுதக் காரணம் வேறு. குடியிருக்கிற மனையை அவரவருக்கே எழுதிக் கொடுக்கச் சட்டம் வந்திருக்கிறது. நம் வீடு பண்ணையார் நிலத்தில் இருக்கிறது, உனக்குத் தெரியும். மனுப் பாரம் உன் அத்தான் பேரில் இருக்கிறது. தாலுகா ஆபீசில் குமாஸ்தா கேட்கிறார்: "புருஷன் இருக்காரா? இருந்தா வந்து ரேகை வைக்கச் சொல்லு. இல்லியா? இல்லேன்னு எழுதிக் குடு, ஒன் பேருக்கு மாத்தலாம். இருக்காரோ இல்லியோன்னு எழுதறதுக்கு இதுல எடமில்ல." கார்த்திகைக்குள் எழுதிக் கொடுக்காவிட்டால் மனை பண்ணையார் கணக்கிலேயே நின்றுவிடும். பிள்ளைகுட்டி இல்லாதவள் எங்கே போய் நிற்பேன்?

கண்ணால் காணாத இடத்தில் ஆள் இருக்கிறதா என்று கணக்குப் போடத் தெரியும் என்றாயே. அந்தக் கணக்கை எனக்குப் போட்டுக் கொடு. உன் அத்தான் மருதையன் இருக்கிறாரா, இல்லையா?

பதிலை ஊருக்கு எழுதாதே. நம் தபால் ஆபீஸ் பண்ணை வீட்டு முன்கட்டில் இருக்கிறது. போஸ்ட் மாஸ்டர் பஞ்சநதம் பண்ணையாரின் மருமகன். ஒட்டின கவர் எதுவும் அவர் கையில் ஒட்டியபடி இருப்பதில்லை. தரங்கம்பாடியில் நமக்குப் பாடம் எடுத்த நாகரத்தினம் டீச்சர் விலாசத்துக்குப் போடு. வாரம் ஒரு நாள் நடந்து போய் வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா

*

ஊட்டி
9-9-1971

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆன்டெனாவுக்குக் கீழே நின்று படித்தேன். படித்த பிறகு மூன்று நாள் ஒழுங்காக வேலை செய்யவில்லை. என்னிடம் இதைச் சொல்ல உனக்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது. அதற்கு நான்தான் காரணம். மன்னித்துக்கொள் என்று எழுதக் கை கூசுகிறது.

கணக்கு கேட்டாய். முதலில் அது எப்படிப்பட்ட கணக்கு என்று சொல்லிவிடுகிறேன். ஒரு மா நிலத்தில் எவ்வளவு நெல் காணும் என்று கேட்டால் நீ என்ன செய்வாய்? ஒரு குழியில் எத்தனை தூர், ஒரு தூரில் எத்தனை கதிர், ஒரு கதிரில் எத்தனை மணி, அதில் பதர் எவ்வளவு, எலிக்குப் போவது எவ்வளவு என்று பார்த்துப் பெருக்குவாய். ஆகாயக் கணக்கும் அதேதான். நாம் இருக்கிற நட்சத்திரக் கூட்டத்தில் பத்தாயிரம் கோடி நட்சத்திரம். அதில் எத்தனைக்குப் பூமி மாதிரி கோள் இருக்கும்? அதில் எத்தனையில் தண்ணீர் நிற்கும்? தண்ணீர் நிற்பதில் எத்தனையில் உயிர் முளைக்கும்? முளைத்ததில் எத்தனைக்குப் புத்தி வரும்? புத்தி வந்ததில் எத்தனை பேர் வெகுதூரத்துக்குச் செய்தி அனுப்பக் கற்பார்கள்? கற்றவர்கள் எத்தனை காலம் ஒருவரை ஒருவர் அழிக்காமல் இருப்பார்கள்? எல்லாவற்றையும் பெருக்கவேண்டும்.

இதில் முதல் எண் மட்டும்தான் ஏதோ தெரியும். மற்றது முழுக்க ஊகம். எங்கள் கேன்டீனில் சாப்பாட்டு நேரத்தில் இதைப் பேசுவார்கள். ஒரு இன்ஜினீயர் லட்சம் இடத்தில் ஆள் இருக்கிறது என்பார். இன்னொருவர் நாம் மட்டும்தான் என்பார். இரண்டு பேரும் போட்டது ஒரே கணக்கு. நாங்கள் அதைத் தேடவும் இல்லை. எங்கள் வேலை வேறு. நான் அங்கே கம்பி முடுக்குகிற தற்காலிக டெக்னீஷியன், அவ்வளவுதான். அன்று உங்கள் வீட்டில் பெரிய விஞ்ஞானி மாதிரி பேசினதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

இருந்தாலும் நீ கேட்டாய், போட்டேன். தலையில் அடியோடு ஆற்றைக் கடந்திருக்க இரண்டில் ஒன்று. அந்த அடியில் உயிர் பிழைக்க இரண்டில் ஒன்று. பண்ணை ஆட்கள் கையிலும் போலீஸ் கையிலும் அகப்படாமல் இருக்க மூன்றில் ஒன்று. சோறும் வேலையும் கிடைத்திருக்க இரண்டில் ஒன்று. கடைசியாக, உயிரோடு இருக்கிற ஒருவர் ஏழு மாதம் எந்தச் செய்தியும் அனுப்பாமல் இருக்க பத்தில் ஒன்று. பெருக்கினால் இருநூற்று நாற்பதில் ஒன்று வருகிறது.

அக்கா, இது வெறும் கணக்கு. ஆனாலும் மனையை விட்டுவிடாதே என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

தம்பி
இளையபெருமாள்

*

மேலக்கரை
30-10-1971

தம்பிக்கு,

இருநூற்று நாற்பதில் ஒன்று. ஒன்றரை மாதமாக அந்த எண்ணை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தேன். நாற்று நடும்போது இருநூற்று நாற்பது நாற்று எண்ணுவேன், அதில் எந்த நாற்று அவர் என்று பார்ப்பேன். பக்கத்தில் நடுகிறவர்கள் எனக்குப் பிசகிவிட்டது என்று நினைத்தார்கள்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். "இல்லை."

சும்மா எழுதினால் போதாதாம். கர்ணம் கேட்டார்: "கருமாதி பண்ணுனியா? பண்ணாம செத்துட்டான்னா யாரு நம்புவா?" உடம்பு கிடைக்காதவர்களுக்கு நம் தெருவில் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். வைக்கோலில் ஆள் கட்டி, அவர் துணியை உடுத்தி, அதைக் கொளுத்துவார்கள். ஆள் கட்டுவதற்கு அண்ணன் தம்பி யாரும் இல்லை. எல்லாரும் ஜெயிலில் இருக்கிறார்கள், நீ மலைமேல் இருக்கிறாய். நானே கட்டினேன். சம்பா வைக்கோல், அவர் தகராறு பண்ணின அதே களத்து வைக்கோல். தோள் அகலமாக வந்துவிட்டது. அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். புருஷனை அளவு பார்த்துச் செய்கிறவளை நீ எங்காவது கேள்விப்பட்டிருக்கிறாயா?

ஆற்றங்கரையில் வைத்துக் கொளுத்தினோம். என் தாலிக் கயிற்றை அறுத்தார்கள். பதினாறாம் நாள் கர்ணம் எதிரில் ரேகை வைக்கச் சொன்னார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். குமாஸ்தா இரண்டு முறை நிமிர்ந்து பார்த்தார்.

மூன்று சென்ட் மனை என் பேருக்கு வந்துவிட்டது. பண்ணையார் ஆள் விட்டு வீட்டைப் பிரிக்க முடியாது. எல்லாரும் நல்லது என்கிறார்கள். நானும் நல்லது என்கிறேன். உன் கணக்கு இல்லாவிட்டால் எனக்கு இந்தத் துணிச்சல் வந்திருக்காது. ஊரில் அத்தனை பேரும் செத்துவிட்டார் என்றுதான் சொன்னார்கள், அவர்களை நான் நம்பவில்லை. நீ படித்தவன், உன்னை நம்பினேன்.

அக்கா

*

ஊட்டி
14-11-1971

அக்கா,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தை நான் செப்டம்பரிலேயே எழுதியிருக்கவேண்டும்.

ஐப்பசியில் நான் வந்திருந்தபோது, சண்டை போட்டதற்கு முந்தின நாள், அத்தான் என்னை வாய்க்கால் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். ஐந்து போஸ்ட் கார்டு வைத்திருந்தார். ஐந்திலும் என் ஊட்டி விலாசத்தை எழுதச் சொன்னார். "எனக்கு எழுதத் தெரியாது மாப்புள. இந்தத் தடவ அறுவடையில என்னத் தேடுவாங்க. எங்கியாவது பொழச்சுக் கெடந்தா ஒரு கார்டப் போட்டுர்றேன். வெத்துக் கார்டுதான். வந்தா உசுரோட இருக்கேன்னு ஒங்க அக்காளுக்கு மட்டும் ஆள் தெரியாம சொல்லிரு. இப்ப சொல்லாத, அவ மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். மறுநாள் சண்டை. அதற்குப் பிறகு அந்தக் கார்டுகளை நான் மறந்தே போனேன்.

பங்குனியில் ஒரு கார்டு வந்தது. என் கையெழுத்தில் என் விலாசம். பின்பக்கம் ஒன்றுமில்லை. தபால் முத்திரை மசி கரைந்து கிடந்தது, ஊரும் தெரியவில்லை, தேதியும் தெரியவில்லை. அங்கே நடந்தது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. அத்தான் வம்புக்கு அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து என் பெட்டிக்குள் போட்டு வைத்தேன்.

உன் முதல் கடிதம் வந்தபோது அந்தக் கார்டை எடுத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டும் உனக்குச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், எங்கள் வேலையில் ஒரு ஒழுங்கு உண்டு. ஆன்டெனாவில் ஒருமுறை வந்து மறுபடி வராத சத்தத்தைக் கணக்கில் சேர்க்கமாட்டோம். கீழே ரோட்டில் போகிற லாரியின் சத்தமாகக்கூட இருக்கும். இரண்டாவது முறை வரட்டும் என்று காத்திருப்போம். நானும் அப்படித்தான் இரண்டாவது கார்டுக்குக் காத்திருந்தேன். முதல் கார்டு களத்துச் சண்டைக்கு முன்னாலேயே போட்டதாக இருந்தால், உனக்கு வீணாக ஆசை காட்டினதாக ஆகுமே என்று பயந்தேன்.

இது பாதி உண்மை. மீதியையும் சொல்கிறேன். என் வேலையை நிரந்தரமாக்கப் போலீஸ் விசாரணை நடந்துகொண்டிருந்தது. வாரண்டு உள்ளவரின் கார்டு என் பெட்டியில் இருந்தது. அதைப் பற்றி ஒரு வரி எழுதவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

கடைசியில் 'பத்தில் ஒன்று' என்று போட்டேனே, செய்தி எதுவும் வராததற்கு. செய்தி வந்திருந்தது அக்கா. பெருக்கினது சரி, போட்ட எண் பொய். அதை நம்பித்தான் நீ வைக்கோல் ஆளைக் கட்டியிருக்கிறாய்.

கார்டை இதற்குள் வைத்திருக்கிறேன். இனிமேல் உன்னிடம் எதையும், நல்லதோ கெட்டதோ, ஒரு சொல்கூட மறைக்கமாட்டேன். இதை என் கைப்பட எழுதித் தருகிறேன்.

இளையபெருமாள்

*

தரங்கம்பாடி
5-12-1971

இளையபெருமாளுக்கு,

இதை டீச்சர் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். போன வாரம் இங்கே உன் கடிதத்தைப் படித்ததும் கொஞ்ச நேரம் எனக்குக் காது கேட்கவில்லை. டீச்சர் தண்ணீர் கொடுத்தார்கள்.

உன்னைத் திட்டவேண்டும் என்று இன்று வரும் வழியெல்லாம் சொல் தேடினேன். நீ என் தம்பி என்பதால் எதுவும் கிடைக்கவில்லை. வேறு யாராவது இதைச் செய்திருந்தால் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன்.

நீ முத்திரையை மட்டும் பார்த்திருக்கிறாய். கார்டைப் பார்க்கவில்லை. வலது ஓரத்தில் தண்ணீர் ஏறின கறை இருக்கிறது. கறையின் விளிம்பில் நகத்தால் சுரண்டினேன். மாவு மாதிரி சாம்பல் நிறத்தில் வந்தது. அது நம் ஆற்று வண்டல். இருபது வருஷம் அதில் நின்றவளுக்கு அது தெரியாதா? அறுவடை சமயத்தில் அவர் மடியில் ஏதோ பொட்டலம் வைத்திருந்தார், யூரியா மூட்டைக்குள் வருகிற பிளாஸ்டிக்கில் சுற்றி. "என்ன அது?" என்று கேட்டேன். "சங்கத்து ரசீது" என்றார். இப்போதுதான் புரிகிறது. இந்தக் கார்டு அவரோடு ஆற்றில் இறங்கியிருக்கிறது. ஆற்றுக்குப் பிறகுதான் தபாலில் போயிருக்கிறது. நீ நினைத்த மாதிரி முன்னால் போட்டதில்லை.

சந்தோஷப்பட்டேன். டீச்சர் வீட்டு வாசல்வரை சந்தோஷமாக நடந்தேன். பிறகு இன்னொன்று தோன்றியது. எங்கோ கரையில் ஒதுங்கின உடம்பின் மடியில் இதைக் கண்டவன், விலாசம் எழுதியிருக்கிறதே என்று நல்ல மனசோடு தபால் பெட்டியில் போட்டிருந்தால்? அப்படியும் இருக்கலாம். நீ போட்ட கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். எனக்கு எண் எதுவும் வரவில்லை.

தாலுகா ஆபீசுக்குப் போனேன். யாருக்கோ கேட்பது போலக் குமாஸ்தாவிடம் கேட்டேன், செத்ததாக எழுதின ஆள் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று. "பட்டா ரத்து. பொய் எழுதிக் குடுத்தவங்க மேல கேஸு. வந்தவரு பேருல வாரண்டு கிரண்டு இருந்தா அதுவும் ஆரம்பிச்சிரும். ஏன் கேக்கற?" என்றார். சும்மாதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் செத்துவிட்டார் என்று நான் எழுதினதால் போலீஸ் தேடுவதை நிறுத்தியிருக்கிறது. இருக்கிறார் என்று வாயைத் திறந்தால் மறுபடி தேடும். இனிமேல் நான் கும்பிட்டாலும் அவர் வீட்டுக்கு வரக்கூடாது என்றுதான் கும்பிடவேண்டும். இப்படி ஒரு நிலைமையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாயே தம்பி.

இன்னொரு செய்தி. டீச்சருக்கு வேலை முடிந்துவிட்டது. வேளாங்கண்ணியில் தங்கை வீட்டுக்குப் போகிறார்கள். இந்த விலாசம் இதோடு சரி. இனி ஊருக்குத்தான் எழுதமுடியும், பஞ்சநதம் படிப்பார். அதனால் இப்படிச் செய். அடுத்த கார்டு வந்தால் நீ எனக்கு ஒரு வெறும் கார்டு போடு, ஒரு எழுத்தும் வேண்டாம். வராவிட்டால் உன் நட்சத்திரத்தைப் பற்றி எதையாவது எழுது. மாதம் ஒன்று எழுது. நீ எழுதினால் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்று புரிந்துகொள்வேன்.

வண்டல் இருந்த கார்டை நான் வைத்துக்கொள்கிறேன்.

அக்கா

*

ஊட்டி
20-1-1972

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை. எங்கள் ஆன்டெனாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். மலைச்சரிவில் நீளமாகப் படுத்திருக்கும், ஊரில் நம் களத்தைப் போல இருபது களத்தை வரிசையாகப் போட்டாலும் அதன் நீளம் வருமோ வராதோ. தூரத்து நட்சத்திரக் கூட்டங்களிலிருந்து வருகிற வானொலி அலையை வாங்கும். நிலா குறுக்கே வந்து அந்த அலையை மறைக்கும். மறைகிற நேரத்தையும் மறுபடி தெரிகிற நேரத்தையும் வைத்து அது எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று கண்டுபிடிப்பார்கள். மறைந்தது திரும்பத் தெரியும்வரை எல்லாரும் பேப்பரில் ஓடுகிற முள்ளையே பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்தப் புத்தியுள்ளவர்கள் கணக்கில் எனக்கு இப்போது கடைசி எண்தான் பெரிதாகத் தெரிகிறது. எத்தனை இடத்தில் முளைத்தார்கள் என்பதைவிட, முளைத்தவர்கள் எத்தனை காலம் நிலைத்தார்கள் என்பது. ஒருவர் செய்தி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள். அது இங்கே வந்து சேர ஆயிரம் வருஷம் ஆகும். வந்து சேருகிறபோது அனுப்பினவர் இருக்கிறாரா என்று செய்தியை வைத்துச் சொல்லமுடியாது. அனுப்பின அன்று இருந்தார் என்று மட்டும்தான் சொல்லலாம். இதை நினைத்தால் எனக்குச் சில சமயம் வேலையே ஓடுவதில்லை.

குளிர் அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்.

இளையபெருமாள்

*

மேலக்கரை
17-5-1972

தம்பிக்கு,

தை, மாசி, பங்குனி, சித்திரை, நாலு மாதத்துக் கடிதமும் வந்தது. போஸ்ட் மாஸ்டர் ஐயாவுக்கு உன் கடிதம் ரொம்பப் பிடித்திருக்கிறதாம். "ஒன் தம்பி நல்லா எழுதறான். அந்த வெள்ளிக் கிரகத்துல கொதிக்கற சூடாமே?" என்று என்னையே கேட்டார். கவரைப் பிரித்துவிட்டு அதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

நீ நாலு பக்கம் எழுதுகிறாய். எனக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. மீதியை ஏன் எழுதுகிறாய் என்று கோபம் வருகிறது, ஆனாலும் நாலு பக்கத்தையும் படித்துவிடுகிறேன். கவரைக் கையில் வாங்கும்போதே கனம் பார்க்கிறேன். இனிமேல் சுருக்கமாக எழுது.

ஜெயிலில் இருந்தவர்கள் ஏழு பேர் வந்துவிட்டார்கள். மனைக்கு வேலி போட்டேன். முருங்கைக் கொம்பு நட்டேன், பிடித்துக்கொண்டது. வேலையெல்லாம் நடக்கிறது.

அக்கா

*

(போஸ்ட் கார்டு. ஊட்டி முத்திரை, 24-7-1972. முகவரி: பொன்னுத்தாய், மேலக்கரை. வேறு எழுத்து இல்லை.)

*

மேலக்கரை
2-8-1972

தம்பிக்கு,

உன் கார்டு வந்தது. போஸ்ட் மாஸ்டர் ஐயா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன புள்ள, ஒன் தம்பி எழுதவே மறந்துட்டானா?" என்றார். "அவன் அப்புடித்தான் ஐயா, எதையாவது நெனச்சிக்கிட்டே விலாசத்த எழுதி பொட்டியில போட்டிருப்பான்" என்றேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் சந்தோஷம்தான் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அரைநாள் இருந்தது. பிறகு பழசு ஒன்று நினைவு வந்தது. அம்மா செத்த அன்று நான் அழுதுகொண்டே இருந்தேன். உனக்கு ஐந்து வயது. கையை இறுக்கி மூடிக்கொண்டு வந்து, "வெல்லம் இருக்குக்கா, அழாத" என்றாய். விரலைப் பிரித்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. உனக்கு அழுகையைப் பார்க்கத் தாங்காது. அப்போதும் தாங்காது, இப்போதும் தாங்காது. என் வைகாசிக் கடிதத்தில் கோபமாக எழுதிவிட்டேன், அதைப் படித்து நொந்திருப்பாய்.

எனக்கு உன்மேல் கோபம் இல்லை. ஆனால் இனி அந்த மாதிரி கையை மூடிக் காட்டாதே தம்பி. முதலில் ஒருமுறை இருந்ததை இல்லை என்று நினைக்கவைத்தாய். இப்போது இல்லாததை இருக்கிறது என்று நினைக்கவைக்காதே. எனக்கு இரண்டு தடவை தாங்காது.

வழக்கம்போல நட்சத்திரம் பற்றியே எழுது. நாலு பக்கமே எழுது.

அக்கா

*

ஊட்டி
11-8-1972

அக்கா,

இதை உனக்கு அனுப்பமுடியாது. அனுப்பினால் பஞ்சநதம் முதலில் படிப்பார். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கை மூடித்தான் இருந்தது, ஆனால் அதில் வெல்லம் இருந்தது அக்கா.

இரண்டாவது கார்டு ஜூலை பதினெட்டாம் தேதி வந்தது. வெறும் கார்டு. இந்த முறை முத்திரை சுத்தமாக விழுந்திருக்கிறது. மலையாள நாட்டில் அணை கட்டுகிறார்களே, இடுக்கி, அந்தப் பக்கத்து முத்திரை. தேதி ஜூலை பதினான்கு. செத்தவர் ஒன்றரை வருஷம் கழித்துத் தபாலில் போடமாட்டார். நல்ல மனசுக்காரனும் ஒன்றரை வருஷம் கையில் வைத்திருந்து போடமாட்டான். ஒருமுறை வந்தது மறுபடி வந்துவிட்டது. எங்கள் ஒழுங்குப்படி இது நிஜம்.

உடனே உனக்கு வெறும் கார்டு போட்டிருக்கலாம். போடவில்லை. முதல் கார்டில் பட்டது போதாதா, இந்த முறை ஆளையே கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று மூன்று நாள் லீவு போட்டு இடுக்கிக்குப் போனேன். மலையைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் ஆட்கள், பாதிப்பேர் தமிழர்கள். மருதையன் என்ற பேரில் யாருமில்லை, இருக்கவும் மாட்டார். டீக்கடை வைத்திருக்கிற மூஸா என்பவரிடம் அடையாளம் சொன்னேன். "தலையில இங்க வெட்டுத் தழும்பு உள்ள ஆளா? தஞ்சாவூர்க்காரன். அரிசி மோசம்னு எப்பவும் சண்டை பிடிப்பான். அவன் கூட்டம் போன வாரம் கான்ட்ராக்ட் முடிஞ்சு போயாச்சே" என்றார். எங்கே என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அவன் பெயர் என்ன என்று கேட்டேன். பெயரை யார் கேட்டார்கள் என்றார். அரிசியைக் குறை சொல்கிற தஞ்சாவூர்க்காரர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் கணக்குப் போட்டேன். அந்தப் பழக்கம் என்னை விடாது போலிருக்கிறது.

ஊட்டிக்குத் திரும்பி வந்த மறுநாள்தான் உனக்குக் கார்டு போட்டேன். அதைத்தான் நீ இரக்கம் என்று நினைத்துவிட்டாய். நான் என்ன செய்யமுடியும்? எழுதினால், அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்று அர்த்தம். எழுதாவிட்டால், உன்மேல் இரக்கப்படுகிறேன் என்று அர்த்தம். வந்த கார்டையே கவரில் வைத்து அனுப்பலாம் என்றால், பண்ணை வீட்டு முன்கட்டில் இடுக்கி முத்திரையைப் படித்துவிடுவார்கள். அன்றைக்கே போலீஸ் கிளம்பும்.

பொங்கலுக்கு எப்படியாவது லீவு வாங்கிக்கொண்டு நேரில் வருகிறேன். கார்டைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து உன் கையில் கொடுப்பேன். நீ வழக்கம்போலத் திருப்பிப் பார்ப்பாய், ஓரத்தைச் சுரண்டுவாய். இதில் வண்டல் இல்லை அக்கா. பிளாஸ்டிக்குக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது, புதுசு மாதிரி இருக்கிறது. முத்திரையைக் காட்டுவேன். எப்போதாவது இடுக்கிக்குப் போனாயா என்று நீ கேட்பாய். உன்னிடம் ஒரு சொல்லும் மறைக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், போனேன் என்றுதான் சொல்லவேண்டும். அங்கே போய் நானே போட்டது என்று நினைத்து நீ கார்டை என்னிடமே திருப்பித் தந்துவிடுவாய்.

நேற்றெல்லாம் அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை பட்டது என்று சொல்ல ஒரு கீறலாவது, ஒரு பெருவிரல் மசியாவது இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துத் தேடினேன். ஒன்றுமே இல்லை. அந்தக் கார்டில் இருக்கிற ஒரே கையெழுத்து என்னுடையதுதான்.

இளையபெருமாள்